டிகாஷன் இறங்கற நேரம்

தண்ணி கொதிக்கறதுக்கு முன்னால ஒரு சத்தம் வரும், கெட்டிலுக்கு அடியில ஆரோ மணலைப் போட்டு உருட்டற மாதிரி, அந்தச் சத்தம் வந்திருச்சு, இன்னும் ரெண்டு நிமிசம். ரெண்டு நிமிசத்துல அடுப்பை அமத்திப்போட்டு, கெட்டிலைத் தூக்கி, பில்டர்ல ஊத்தோணும். பில்டர்லதான் ஊத்தோணும் சாந்தாமணி, வேற எங்கயும் இல்லை. எந்திரிச்சதுல இருந்து இதையேதான் எனக்கு நானே சொல்லிட்டு இருக்கறேன், ஏன்னா இன்னிக்குக் கொதிக்கற தண்ணியைக் கையில எடுத்தா அது எங்க போகும்னு எனக்கே நிச்சயமில்லை. அவரு முன்னறையில பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. என்ற வூட்டுக்காரரு, கனகராஜ், மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ஊருக்கெல்லாம் நல்ல மனுசன். சமையக்கட்டுல நின்னு பார்த்தா கதவு வழியா அவரோட பின்கழுத்துத்தான் தெரியுது. ரெண்டு மடிப்பு, நடுவுல கொஞ்சம் பவுடரு. எந்திரிச்சு முகம் கழுவி, பவுடர் போட்டு, துண்ணூறு பூசி உக்காந்திருக்கறாரு, நேத்து சாயங்காலம் ஒண்ணுமே நடக்காத மாதிரி. அந்த ரெண்டு மடிப்புக்கு நடுவுல ஊத்தினா எப்படி இருக்கும். தோலு உடனே செவக்குமா, இல்லை முதல்ல வெளுத்துப்போட்டு அப்புறம் செவக்குமா. தக்காளியைச் சுடுதண்ணியில போட்டா தோலு சுருண்டுக்கிட்டு வருமே, அப்படி வருமா. அட கெரகமே, என்ன யோசனை இது. கை நடுங்குது. நடுங்கற கையோட காப்பிப் பொடியை எடுக்கறேன், மூணு கரண்டி, பில்டர்ல போட்டு, அதோட குடைத் தட்டை வெச்சு அமுத்தறேன், எச்சா அமுத்தறேன். வலது காதுக்குள்ள கொய்ங்குனு ஒரே சத்தம், நேத்துல இருந்து நிக்கலை. புருவத்துக்கு மேல டம்ளரு பட்ட எடம் புடைச்சு, தொட்டா சுடுது.

காப்பியில எண்ணெய்தான் விசயமுங்க அப்படின்னு இவருக்கு நெஞ்சு பார்க்கற டாக்டரம்மா சொன்னாங்க. நல்ல மனுசி, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டே நிதானமாச் சொன்னாங்க. மூணு மாசத்துக்கு முன்னால இவருக்கு நெஞ்சு வலி வந்து ரெண்டு ஸ்டென்ட் வெச்சு வூட்டுக்கு அனுப்பறப்ப, காப்பி இல்லாம இருக்க மாட்டாருங்களான்னு கேட்டாங்க, மாட்டாருங்கன்னேன். அப்படின்னா காப்பி வடிக்கறதுக்குன்னே ஒரு பேப்பர் விக்குது, அதுல வடிச்சுக் குடுங்க, பில்டரோட ஓட்டை வழியா பொடியில இருக்கற எண்ணெயும் டிகாஷனோட சேர்ந்து எறங்கிரும், அது கொழுப்பை ஏத்தும், இவரு இருக்கற நிலைமைக்கு ஆகாது, பேப்பருன்னா எண்ணெயைப் புடிச்சு வெச்சுக்கும், அப்படின்னாங்க. என்ற புள்ள சுகன்யா பெங்களூர்ல இருந்து மறுவாரமே அனுப்பிச்சா, பீங்கான்ல ஒரு புனல், பேப்பர் அடுக்கின ஒரு டப்பா, கொக்கு மூக்கு மாதிரி மூக்கு நீண்ட இந்தக் கெட்டிலு. இவரு புனலைத் தூக்கிப் பார்த்தாரு, பேப்பரை விரிச்சுப் பார்த்தாரு, இதுல வடிக்கறது காப்பி இல்லடி, கழனித் தண்ணி, என்ற வூட்டுல பில்டர் காப்பிதான், அதைக் குடிச்சுச் செத்தாச் சாவறேன், நீ ஒண்ணும் என்னையக் காப்பாத்த வேண்டாம், அப்படின்னாரு. சரிங்கன்னு சொல்லிப்போட்டு உள்ள வந்தேன். அடுத்த நாள்ல இருந்து அஞ்சரைக்கு எந்திரிச்சேன், அவரு எந்திரிக்கறதுக்கு முன்னால பேப்பர்ல பொறுமையாச் சுத்திச் சுத்தி ஊத்தி வடிச்சேன், வடிஞ்சதை பில்டரோட கீழ் டம்ளர்ல மாத்தினேன், பேப்பர்ல இருந்த நனைஞ்ச பொடியை வழிச்சு மேல் டம்ளர்ல அப்பி வெச்சு, மூடியும் போட்டு, மேடையில அவரு கண்ணுல படற மாதிரி வெச்சுப்போட்டு, பேப்பரைக் கசக்கிக் குப்பைக் கூடையில காய்கறித் தோலுக்கு அடியில ஒளிச்சேன். திருட்டுத்தனம். புருசன் உசுரைக் காப்பாத்தறதுக்குத் திருடி மாதிரி ஒளிஞ்சு பண்ணினேன். அவரு குடிச்சுட்டு உதட்டை நக்கிட்டு, பார்த்தியா, இதுதாண்டி காப்பி, பேப்பராம் பேப்பரு அப்படின்னாரு. காலையில ஒருக்கா, மத்தியானம் அவரு தூங்கறப்பவே வடிச்சு வெச்சு சாயங்காலம் நாலு மணிக்கு ஒருக்கா. எனக்கு அதுல ஒரு பெருமை வேற.

கொதிச்சிருச்சு. ஊத்தறேன். பில்டர்லதான் ஊத்தறேன், பாரு, பொடி மேலதான், ஆவி முகத்துல அடிக்குது, புருவத்துல பட்டு எரியுது. இனிமே பேப்பர் கெடையாது. நேத்து ராத்திரி படுத்துட்டு முடிவு பண்ணினது அதுதான். ஆசைப்பட்டதைக் குடி சாமி. எண்ணெயோட குடி. கொழுப்போட குடி. உள்ள வெச்சிருக்கற ரெண்டு கம்பியும் அடைக்கற வரைக்கும் குடி, நானா வேண்டாங்கறேன். ஆரும் என்னைய ஒண்ணும் கேக்க முடியாது, அவரு கேட்டாரு, நான் குடுத்தேன். மூடியைப் போட்டு வெச்சுட்டு நிக்கறேன். சொட்டற சத்தம் கேக்கலை. காது இப்படி இருந்தா எப்படிக் கேக்கும். இடது காதைக் கிட்ட வெச்சுக் கேக்கறேன், டொக், அப்புறம் சித்த நேரம் கழிச்சு டொக். இந்த வேகத்துல கொன்னா எத்தனை வருசம் ஆகும். ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளரு, ஒரு டம்ளருக்கு ஒரு பொட்டு எண்ணெய்னு வெச்சாக்கூட, எனக்குப் பல்லு போய் இடுப்பு போய் நானே முன்னால போயிருவேன். இது கொலையா. கொலைக்கு ஒரு மரியாதை வேண்டாமா. சிரிப்பு வருது, சிரிச்சா புருவம் இழுக்குது. ஆஸ்பத்திரியில அன்னிக்கு நர்ஸு புள்ள கேட்டுச்சு, அம்மா, அப்பாவுக்கு வலி எந்தக் கையில எறங்குச்சுன்னு. இடது கையிலன்னேன். இவருக்கு நொட்டாங்கை. பேனா புடிக்கறதுல இருந்து, சோறு திங்கறது தவிர எல்லாம் இடது கைதான், என்னைய அடிச்சதும் அதுதான், அதனாலதான் என்ற வலது காது. இடது கைன்னு சொன்ன மறுநொடி மனசுக்குள்ள கோனியம்மனைக் கும்பிட்டேன், என்ன கும்பிட்டேன், ஆளு பொழைச்சு வரட்டும் தாயே, அந்தக் கை மட்டும் வெளங்காமப் போகட்டும்னு. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு, கண்ணுல தண்ணியோட. ஆரு பார்த்தாலும் எத்தனை பாசம்னுதான் நெனைச்சிருப்பாங்க. மூணு மாசம் அந்தக் கை என் மேல எந்திரிக்கவே இல்லை. குளிக்க வெச்சேன், தைலம் தேச்சேன், அதே கைக்குத்தான் தேச்சேன், மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு வெரலா நீவிவிட்டேன். அம்மன் பாதி வேண்டுதலைக் கேட்டுட்டான்னு நெனைச்சேன். நேத்து நாலு மணிக்குத் தெரிஞ்சுது, கையி நல்லா இருக்குதுன்னு. நான்தான் தேச்சு நல்லா பண்ணி வெச்சிருக்கறேன்.

நேத்து என்ன நடந்துச்சு. நூறு தடவை நெனைச்சாச்சு, இன்னொருக்கா. டம்ளரைக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாரு. என்னையப் பார்த்தாரு. என்னடி இது, அப்படின்னாரு. காப்பிங்கன்னேன். பேப்பர்ல வடிச்சியா. இல்லீங்க. பொய் சொல்றியா, பல்லு விளக்கின தண்ணி மாதிரி இருக்குது, உன்ற புள்ள சொல்லிக் குடுத்தாளா, என்னைய ஏமாத்தச் சொன்னாளா. டம்ளரு வந்துச்சு. பின்னாலயே கை வந்துச்சு. நான் சுவத்துல சாஞ்சுட்டேன், காப்பி என்ற ரவிக்கையில வழிஞ்சுது, அத்தனை சூடு இல்லை, நல்லவேளை. கண்டுபுடிச்சுட்டாரேன்னுதான் முதல்ல தோணுச்சு, பாருங்க என்ற புத்தியை, அடிச்சுட்டாரேன்னு தோணலை. மூணு மாசமா ஏமாத்துனது வெளிய வந்துருச்சே, தப்பு நம்ம மேலதானேன்னு. இது இன்னிக்கு நேத்து வந்த புத்தி இல்லை. கல்யாணமாகி மூணாம் நாள் காப்பி ஆறிப்போச்சுன்னு முதல் அறை வாங்கினேன். எங்கம்மாகிட்ட போன்ல அழுதேன். சூடாக் குடுத்துப் பழகிக்க கண்ணுன்னு அம்மா சொன்னாங்க. சூடாக் குடுத்தேன். சூடாக் குடுத்தா திக்கா இல்லைன்னாரு. திக்காக் குடுத்தேன். கசக்குதுன்னாரு. சிக்கரியைக் குறைச்சேன். மணமே இல்லைன்னாரு. பொடிக்கடையை மாத்தினேன், பவுண்ட் பவுண்டா அரைச்சு வாங்கியாந்தேன், பாலைத் தண்ணி விடாமக் காய்ச்சினேன், ஆடை கட்டாம ஆத்தினேன், பில்டரு ஓட்டை அடைச்சுப் போச்சுன்னா அடுப்புத் தணல்ல நேரா வெச்சுச் சுட்டேன், அடைச்ச பொடியெல்லாம் கருகி உதிரும், கையும் சுட்டுக்கும், தேய்ச்சுக் கழுவி மறுபடியும் போட்டேன். முப்பத்தொரு வருசம். ஒரு நாளைக்குச் சரியான காப்பி ஒண்ணு போட்டுட்டா அப்புறம் அந்தக் கை எந்திரிக்காதுன்னு நம்பினேன். சுகன்யாவுக்கு நாலு வயசு இருக்கறப்ப இதே பில்டரைத்தான் வீசினாரு, கீழ் டம்ளர்ல இன்னும் நசுங்கல் இருக்குது, என் மேல படலை, அவ ஒளிஞ்சுட்டு இருந்த கட்டிலுக்குக் கீழ போய் விழுந்துச்சு. அவ அதை எடுத்துட்டு வந்து என்ற கையில குடுத்து, அம்மா, நாளைக்கு நல்லாப் போடும்மான்னா. நாலு வயசுப் புள்ள. சொல்லிக் குடுத்தது ஆரு, நான்தான்.

சரி, அந்தப் பேப்பர் டப்பாவைக் குப்பையில போடோணும், முடிவு பண்ணினது பண்ணினதுதான். மேல் அலமாரியில கடுகு டப்பாவுக்குப் பின்னால புனலோட வெச்சிருக்கறேன், முக்காலியைப் போட்டு ஏறி எடுக்கறேன். லேசா இருக்குது. தொறக்கறேன். ஒண்ணும் இல்லை. உள்ள ஒண்ணுமே இல்லை, அடியில வெள்ளைத் தூசி மட்டும். முக்காலி மேலயே நிக்கறேன். எப்பத் தீர்ந்துச்சு. கடைசிப் பேப்பரு. நேத்துக் காலையில. ஆமா, நேத்துக் காலையில கடைசிப் பேப்பரைப் போட்டேன், சுகன்யா அடுத்த டப்பா அனுப்பியிருக்கறா, இன்னும் வந்து சேரலை, ஒரு நாள் ரெண்டு நாள்ல வந்துரும்னு நெனைச்சுட்டு, நேத்துச் சாயங்காலம், நேத்துச் சாயங்காலம் பில்டர்லதான் போட்டேன். இதே பில்டர்ல. மூணு கரண்டி பொடி, குடை வெச்சு, கொதிக்கத் தண்ணி ஊத்தி, அரைமணி நேரம் எறங்கவிட்டு. அவரு வீசினது பில்டர் காப்பி. பேப்பர்ல வடிச்சியான்னு கேட்டு அடிச்சது பில்டர் காப்பிக்கு. மூணு மாசம் உதட்டை நக்கினது பேப்பருக்கு. அடி வாங்கினதுல மண்டை கலங்கி எனக்கே இது உறைக்கலை, இல்லீங்க இல்லீங்கன்னு சொன்னேனே, உண்மையைத்தான் சொல்லியிருக்கறேன், உண்மைன்னு எனக்கே தெரியாமச் சொல்லியிருக்கறேன். அப்ப அவருக்குத் தெரியாது. எது பில்டரு, எது பேப்பருன்னு அந்த நாக்குக்குத் தெரியாது. நாக்குக்கு என்னிக்குமே ஒண்ணும் தெரியாது. திக்கு, தண்ணி, சூடு, ஆறினது, கசப்பு ஒண்ணும் கெடையாது. முதல்ல கை எந்திரிச்சிருக்குது, அப்புறம் காப்பிக்கு ஒரு குத்தம் தேடியிருக்குது. நான் குத்தத்தைச் சரி பண்ணிட்டே இருந்திருக்கறேன். சிக்கரியை அளந்திருக்கறேன். டப்பாவையும் புனலையும் எடுத்துட்டு முக்காலியை விட்டு எறங்கி, மேடையில வெக்கறேன். சிலரு பொம்பளைங்க இரும்பு மாதிரிம்பாங்க, சிலரு காகிதம் மாதிரிம்பாங்க, நான் பில்டரும் இல்லை பேப்பரும் இல்லை, சாந்தாமணி, எனக்கு அம்பத்தஞ்சு வயசு, எனக்கு ஒரு காது கேக்கலை.

ரெண்டாவது தண்ணி கொதிக்குது. டிகாஷன் பாதி எறங்கினதும் இன்னொருக்கா ஊத்தறதுக்குன்னு அடுப்புல வெச்சிருந்தேன், வெச்சதே மறந்து போச்சு. தளதளன்னு கொதிச்சு மூடி ஆடுது. காலடிச் சத்தம். அவரு வர்றாரு. கதவு நிலையில கையை ஊனிட்டு நிக்கறாரு, ஏ புள்ள, காப்பி என்னாச்சு, மணி ஆறரை ஆச்சு, அப்படிங்கறாரு. கொரலு பஞ்சா இருக்குது. அடிச்ச மறுநாள் எப்பவும் இப்படித்தான், பூவு வாங்கியாருவாரு, சீலை எடுத்துத் தரட்டுமான்னு கேப்பாரு. என்ற நெத்தியைப் பார்க்கறாரு, தைலம் போட்டியா, போடு, வீங்கியிருக்குது பாரு, அப்படிங்கறாரு, ஆரோ வழியில போனவன் அடிச்சுட்டுப் போன மாதிரி. நான் கேக்கறேன், ஏனுங்க, நேத்துக் காப்பியில என்ன குறைச்சலு. விடு, காலங்காத்தால அது எதுக்கு. இல்லைங்க, சொல்லுங்க. பேப்பர்ல வடிச்சுட்டு இல்லைன்னா கோவம் வருமா வராதா, எனக்குத் தெரியாதா, என்ற நாக்கை ஏமாத்த முடியுமா. நேத்துப் பேப்பரே இல்லீங்க, தீர்ந்து போச்சு, நேத்து நீங்க வீசினது சுத்தமான பில்டர் காப்பி. மூணு மாசமா நீங்க பேஷ் பேஷுன்னு குடிச்சீங்க பாருங்க, அதுதான் பேப்பரு, தெனமும், ரெண்டு நேரமும். அவரு டப்பாவைப் பார்க்கறாரு, புனலைப் பார்க்கறாரு, என்னையப் பார்க்கறாரு. முகம் மாறுது. இப்படி மாறறது எனக்கு மனப்பாடம், முதல்ல மூக்கு, அப்புறம் தாடை, அப்புறம் தோள் ஒரு இஞ்சு மேல போகும். திருட்டு முண்டைங்கறாரு. இடது கை நிலையை விட்டு வருது.

நான் கெட்டிலைத் தூக்கறேன். துணி கூடப் புடிக்கலை, கைப்புடி சுடுது, சுடட்டும். மூக்கு அவரோட தாடைக்கு நேரா இருக்குது, கொக்கு மூக்கு, எங்க ஊத்தோணும்னு நெனைச்சா அங்க மட்டும் ஊத்தும், ஆவி அவரு கண்ணாடியில படிஞ்சு ரெண்டு கண்ணும் வெள்ளையாப் போச்சு. அடிங்க, அப்படிங்கறேன். சத்தமே போடலை, பால்காரன்கிட்ட நாளைக்கு ஒரு பாக்கெட் எச்சாப் போடுன்னு சொல்ற மாதிரித்தான் சொல்றேன். நீங்க அடிங்க, நான் ஊத்தறேன், ரெண்டும் ஒண்ணா நடக்கட்டும். கை மேலயே நிக்குது. என்ற கை நடுங்கலை, காலையில இருந்து நடுங்கின கை இப்ப நடுங்கலை, இது எனக்கு ஆச்சரியமா இருக்குது. அப்புறம் அவரு கண்ணை மூடினாரு. கழுத்தை உள்ள இழுத்து, மேல போன கையையே முகத்துக்குக் குறுக்க மடிச்சு வெச்சு, தோளைக் குறுக்கி, சுவத்தோட ஒண்டினாரு. இதுக்கு முன்னால இதை நான் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருப்பேன், இப்படி ஒண்டினதெல்லாம் நானாச்சே. என்ற முகம் இப்படித்தான் இருந்திருக்குது, முப்பத்தொரு வருசம் இதைத்தான் அவரு பார்த்திருக்கறாரு. இதைப் பார்த்துட்டு ஒருத்தன் எப்படி நிறுத்தாம இருப்பான்னு நெனைக்கறப்பவே, உள்ளுக்குள்ள தெரியுது, நிறுத்த மாட்டான். ஏன்னா நல்லா இருக்குது. இனிக்குது. கை எறங்கிருச்சு, இனி அடிக்க மாட்டாரு, எனக்கு நல்லாத் தெரியுது, ஆனா ஊத்தோணும்னு இருக்குது, இப்பத்தான் ரொம்ப இருக்குது. ஐயோன்னு அவரு கத்தினாரு. கீழ பார்த்தா அவரோட வலது கால் வெரல்ல இருந்து ஆவி வருது. கெட்டில் தானாச் சாயலை. நான்தான் சாய்ச்சிருக்கறேன், நூல் மாதிரி ஒரு கோடு, வெரல் மேல நேரா, இன்னும் ஊத்திட்டே இருக்கறேன். நிமித்தறேன். நிமித்தறதுக்கு அத்தனை சிரமமா இருக்குது.

கெட்டிலை அடுப்பு மேல வெச்சு, கேஸை அமத்தறேன். சிலிண்டர்லயும் அமத்தறேன். அவரு ஒத்தக்கால்ல நிக்கறாரு. காலைப் பைப்புத் தண்ணியில காட்டுங்கன்னு சொல்றேன், காட்டறாரு, சொன்ன பேச்சைக் கேக்கறாரு. நான் போனை எடுத்து சுகன்யாவைக் கூப்பிடறேன். தூக்கக் கலக்கத்துல, என்னம்மா இந்நேரத்துலங்கறா. கண்ணு, நான் இன்னிக்கே அங்க வர்றேன், இருக்கறதுக்கு வர்றேன். அவ கேக்கறா, அப்பா மறுபடியும் அடிச்சாராம்மா. அடிச்சாரு, நேத்து, ஆனா அதுக்காக வரலை கண்ணு, அதுக்காக வர்றவளா இருந்தா நீ பொறக்கறதுக்கு முன்னாலயே எங்கயாச்சும் போயிருப்பேன். அப்புறம் ஏம்மா. இன்னிக்கு நான் ஊத்திப்போட்டேன், கொஞ்சந்தான், கால்ல, ஆனா எனக்குப் புடிச்சிருந்துச்சு. இன்னொரு நாள் இங்க இருந்தா நான் அவரைக் கொன்னுபோடுவேன், எனக்குப் பயமா இருக்குது. சுகன்யா அழறாளா சிரிக்கறாளான்னு இந்தக் காதுல தெரியலை. பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காராதம்மா, புருவத்துக்குக் காத்து ஆகாதுங்கறா. நான் புருவத்தைப் பத்தி அவகிட்ட சொல்லவே இல்லை, எப்பவும் அங்கதான் படும்னு அவளுக்குத் தெரியும். சரி கண்ணுன்னு வெச்சுட்டு, ரூமுக்குப் போய் பையில நாலு சீலையை வெக்கறேன். முன்னறையில அவரு போன்ல ஆருகிட்டயோ பேசறது கேக்குது. ஆட்டோவுக்குத்தான். பஸ் ஸ்டாண்டுக்குங்க, ஒரு ஆளுதான், கொஞ்சம் சீக்கிரமா வாங்கங்கறாரு.